பியானோவைப் பேணும் கலை

பியானோ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது திரைப்படக் காட்சிதான். காதலில் தோற்ற கதாநாயகன் விருந்து மண்டபத்தில் கரிய நிறப் பியானோவின் முன் அமர்ந்து சோகப் பாட்டு ஒன்றைப் பாடுவான். பியானோவின் மேல் ஒரு பூச்சாடி இருக்கும்; சில வேளைகளில் பழரசக் கோப்பைகளும் இருக்கும். அந்தப் பூச்சாடியைக் கண்டால் பியானோவைப் பழுது பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இக்கருவியைக் கண்டவர் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி என்னும் இத்தாலியர். பிளாரன்சு நகரில் மெடிசி இளவரசர் ஃபெர்டினாண்டோவின் இசைக்கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். 1700ஆம் ஆண்டையொட்டி அவர் பியானோவை உருவாக்கினார். கருவிகளைப் பேண அமர்த்தப்பட்டவரே புதிய கருவியைப் படைத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அவர் செய்தவற்றுள் மூன்று இன்றும் உள்ளன. 1720இல் செய்யப்பட்டது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்றைய கிராண்ட் பியானோவில் 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 எஃகுத் தந்திகளும் உள்ளன. ஒவ்வொரு தந்தியும் சராசரியாக எழுபது கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் பதினெட்டு, இருபது டன் வரும். பாரம் ஏற்றிய லாரி ஒன்றின் எடை, சத்தமில்லாமல் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது! இதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஆனால் நம் செவிக்கு இசையைத் தருவது அதன் கீழுள்ள ஒலிப்பலகையே. ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு மரத்தால் ஆன அப்பலகையின் கனம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மரம் தண்ணீர் குடிக்கும். காற்றில் ஈரம் மிகும்போது ஒலிப்பலகை உப்பி மேலெழுகிறது, அதன்மேல் அமர்ந்த குதிரை தந்திகளை நெட்டித் தள்ளுகிறது, சுருதி ஏறுகிறது. வறண்ட காலத்தில் இது தலைகீழாக நடக்கும். எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் ஏறி இறங்கினால்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். நடுப்பகுதி அதிகமாகவும் மற்றவை குறைவாகவும் மாறுவதால்தான் கருவி அபசுரமாகிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு வரை இருப்பது நல்லது என்பர். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அது எண்பதைத் தொடுவது வழக்கம். அதைவிடக் கெடுதல் ஒன்றுண்டு. கச்சேரி நாளன்று மட்டும் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, மறுநாள் நிறுத்திவிடுவது! ஈரம் ஓரளவு கூடுதலாக இருந்தாலும் ஒரே நிலையில் இருப்பதே மரத்துக்கு இதம். சன்னலோரமும் நேர் வெயிலும் ஆகா. கருவியின் அடியில் பொருத்தும் மிதவெப்ப மின்தண்டுகள் ஈரத்தைக் குறைக்க உதவும்.

வீணை வாசிப்பவர் தாமே சுருதி சேர்த்துக்கொள்கிறார். பியானோக் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. அதற்கெனத் தனித்தொழிலாளர் வேண்டும். 1939இல் இலண்டனில் கூடிய மாநாடு ‘ஏ’ என்னும் சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வுகள் என அளவு வகுத்தது. சுருதி சேர்ப்பவர் இசைக்கவையால் அதை நிறுவிக்கொண்டு தொடங்குகிறார். பெரும்பாலான சுரங்களுக்கு மும்மூன்று தந்திகள். அவற்றில் இரண்டைக் கம்பளிப் பட்டையால் அடக்கிவிட்டு ஒன்றைச் சரிசெய்து, பிறகு மற்றவற்றை அதனோடு இணைக்கிறார். 440, 442 என இரு தந்திகள் ஒலித்தால் வினாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும் என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். அவ்விம்மலே அவருக்கு வழிகாட்டி. வேடிக்கை என்னவென்றால், ச-ப என்னும் தூய இடைவெளியைக்கூட அவர் வேண்டுமென்றே இம்மியளவு குறைத்து வைக்கிறார். இல்லாவிடில் பன்னிரண்டு சுரங்களும் ஒரு சுற்றில் வந்து பொருந்தமாட்டா. புதுக் கருவிக்கு முதலாண்டில் மூன்று நான்கு முறையும், பின்னர் ஆண்டுக்கு இருமுறையும் சுருதி சேர்க்க வேண்டும். வாசிக்காமல் மூடி வைத்தாலும் சுருதி இறங்கத்தான் செய்யும்.

சுத்தியல்களின் தலையில் இருப்பது கம்பளி. இருட்டையும் அமைதியையும் விரும்பும் அந்துப்பூச்சிக்கு வாசிக்கப்படாத பியானோ ஒரு சத்திரம். நாள்பட அடித்து அடித்துத் தந்தியின் தடம் கம்பளியில் பள்ளமாகப் பதியும், ஓசை கரகரக்கும். ஊசியால் குத்தி அதை இளக்குவதும், அரத்தாளால் தேய்த்து உருவம் திருத்துவதும் கைதேர்ந்தவர் வேலை. நாம் செய்யத்தக்கது கட்டைகளை இலேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துவதுதான். தந்திகளை விரலால் தொடவே கூடாது, வியர்வை துருவாகும். பழைய பியானோவின் தந்தக் கட்டைகளோ மூடியே வைத்தால் மஞ்சளாகும். அவ்வப்போது சிறிது வெளிச்சம் படவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மண்டபத்தில் நான் கண்ட பியானோவை மறக்க இயலவில்லை. மூடியின்மேல் பூச்சாடி வைத்த வட்டம் வெளுத்துக் கிடந்தது. அதிலிருந்து கசிந்த நீர் உள்ளே இறங்கிப் பத்துப் பன்னிரண்டு தந்திகளைத் துருப்பிடிக்கச் செய்திருந்தது. அதைக்கூடத் தந்தி மாற்றிச் சரிசெய்திருக்கலாம். ஆனால் துருவைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், சுருதி முளைகளுக்கெல்லாம் தையல் இயந்திர எண்ணெய் விட்டிருந்தார். முளைகள் கெட்டிமரத்துள் இறுகிப் பிடித்து நிற்பதால்தான் இருபது டன் இழுவிசை நிற்கிறது. எண்ணெய் ஊறிய மரத்தில் பிடிப்பு ஏது? வந்திருந்த முதியவர் சாவியால் முளையைத் திருப்பினார்; சுருதி ஏறியது; கையை எடுத்ததும் மெல்ல வழுக்கி இறங்கியது. வேறொரு முளையைத் திருப்பினார், அதுவும் அப்படியே. முளைப்பலகை முழுவதையும் மாற்றினால்தான் உண்டு, அதற்கு ஆகும் செலவில் வேறொரு பியானோ வாங்கலாம் என்றார். பிறகு கருவிப் பையை மூடிக்கொண்டு, மண்டபத்தார் கொடுத்த கூலியை வாங்க மறுத்துவிட்டார்.