வட்ட உணவு மேசையும் பருவமழையும்

மரம் அறுக்கப்பட்டுப் பலகையான பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கிறது. ஈரம் ஏறினால் பருக்கும்; இறங்கினால் சுருங்கும். மும்பை போன்ற கடற்கரை நகரில் இதை மறந்து செய்யப்பட்ட மேசை, மெருகு எவ்வளவு நேர்த்தியாயினும், ஓரிரு ஆண்டுகளில் நடுவே வெடித்துவிடக்கூடும். மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு குடும்பம் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் தேக்கு இவ்வாறு பாழாகும்போது பழி மரத்தின்மேல் போடப்படுகிறது. பெரும்பாலும் குற்றம் மரத்தினுடையதன்று. அதை அசையவிடாமல் இறுக்கிய திருகாணிகளுடையது.

மும்பையில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 85 சதவிகிதத்தை ஒட்டி நிற்கிறது. குளிர்காலப் பிற்பகல்களில் அது 60-க்குக் கீழும் இறங்குவதுண்டு. இதற்கேற்ப மரத்தினுள் உள்ள ஈரமும் ஏறத்தாழ 12-க்கும் 17-க்கும் இடையே ஊசலாடும். தேக்கு மிகக் குறைவாகவே அசையும் மரம் என்பது உண்மையே. ஆயினும் 90 சென்டிமீட்டர் அகலமுள்ள மேற்பலகையில், பலகைகள் எவ்வாறு அறுக்கப்பட்டன என்பதைப் பொறுத்து, இந்த ஊசலாட்டம் 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். இழை ஓடும் திசையிலோ நீளம் அநேகமாக மாறுவதேயில்லை. ஆகவே தை மாதத்தில் மிகச் சரியான வட்டமாக இருந்த மேசை ஆடியில் சிறிது நீள்வட்டமாகிவிடும். கண்ணுக்கு இது புலப்படாது, திருகாணிக்குப் புலப்படும். பழைய இரானி உணவகங்களின் பளிங்கு மேசைகளுக்கு இத்தொல்லை இல்லை.

நான்கு பேருக்கு 90 சென்டிமீட்டர் விட்டம் போதும். சுற்றளவு 283 சென்டிமீட்டர் ஆதலால் ஒருவருக்கு 70 சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். மூலைகள் இல்லாமையால், தாராவியின் சிறிய அறைகளிலும் இடுப்பில் இடிபடாமல் சுற்றி வரலாம்.

பலகைகளைக் காற்றோட்டமுள்ள நிழலில், இடையிடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்க வேண்டும். வாரந்தோறும் ஒரு துண்டை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பின்னரே வேலையைத் தொடங்கலாம். மரத்தைப் பதப்படுத்தும் முறைகளை டேராடூனில் 1906-இல் தோன்றிய வன ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது.

ஒட்டவேண்டிய விளிம்புகளை இழைப்புளியால் சீவும்போது, நடுவில் ஒரு மயிரிழை அளவு குழிவாக விடுதல் நல்லது. பலகையின் முனைகளே முதலில் உலர்ந்து சுருங்குவதால், அங்கே இணைப்பு கூடுதலாக அழுந்தியிருக்க வேண்டும். பசை காய்ந்தபின், ஒரு சட்டத்தின் ஒரு முனையில் ஆணியும் 45 சென்டிமீட்டர் தொலைவில் பென்சிலும் பொருத்தி வட்டம் வரையலாம். கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, பின்னர் விளிம்பைச் சீவ வேண்டும். இங்கேதான் புதியவர் தடுமாறுவர். வட்டத்தைச் சுற்றி ஒரே திசையில் சீவினால், ஒன்றுவிட்டு ஒரு கால் பங்கில் உளி இழைக்கு எதிராகப் போய் மரத்தைப் பிய்த்துவிடும். விளிம்பு இழைக்கு இணையாக ஓடும் இரண்டு இடங்களிலிருந்து தொடங்கி, இழை வெட்டுப்பட்டு முடியும் இடங்களை நோக்கி இருபுறமும் சீவினால் விளிம்பு வழவழப்பாக அமையும்.

மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்துடன் சேர்ப்பதில்தான் மேசையின் ஆயுள் அடங்கியிருக்கிறது. இழைக்குக் குறுக்கே ஓடும் சட்டத்தின் நடுவில் மட்டும் ஒரு திருகாணியை இறுக்கமாக முடுக்கலாம். மற்றத் துளைகள் பலகையின் அகலத்திசையில் நீண்டிருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தால் பலகை நடுவிலிருந்து இருபுறமும் நாலு மில்லிமீட்டர் வரை தடையின்றி நகரும். மழைக்காலத்தில் செய்த மேசை பின்னர் சுருங்கும். கோடையில் செய்தது பருக்கும். எனவே துளையில் எப்பக்கம் அதிக இடம் விடுவது என்பதை, வேலை செய்யும் மாதத்தைக் கேட்டே தச்சர் முடிவு செய்வார்.

மெருகை மேற்புறத்தைப் போலவே அடிப்புறத்திலும் பூச வேண்டும். ஒரு புறம் மட்டும் பூசினால், பூசாத பக்கம் விரைவாக ஈரம் குடித்துப் பலகை வளையும். அரக்கு மெருகு பார்வைக்கு இனியதே; ஆனால் கொதிக்கும் ரசப் பாத்திரத்தை வைத்த இடத்தில் வெண்மையாகப் பூத்துவிடும். உணவு மேசைக்கு ஆளிவிதை எண்ணெயே ஏற்றது. தேய்ந்த இடத்தில் வீட்டாரே மீண்டும் பூசிக்கொள்ளலாம்.