'சும்மா ஒரு கையெழுத்துதாங்க மாமா!' - லோன் பேப்பரில் இருக்கும் 4 இங்கிலீஷ் வார்த்தைகள்... அர்த்தம் தெரியுமா?

நாமக்கல் பக்கம் யாராவது "பாடி எப்போ ரெடியாகும்?" என்று கேட்டால் பதறாதீர்கள். இன்ஜினும் சேஸிஸுமாக வந்து இறங்கும் லாரிக்குப் பட்டறையில் கேபின், சரக்கு ஏற்றும் பகுதி எல்லாம் கட்டுவதைத்தான் அங்கே 'பாடி கட்டுறது' என்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அதே வார்த்தைக்கு அர்த்தமே வேறு!

பேச்சில் அர்த்தம் மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் லாரி வாங்க, ரிக் வண்டி வாங்க, கோழிப்பண்ணை போட என்று எடுக்கும் லோன் பேப்பரில் அப்படி முடியாது. இந்த நாலு வார்த்தைகளையும் தெரிஞ்சுக்கோங்க.

விட்னஸ்: சாட்சி. கடன் வாங்குபவர் கையெழுத்து போட்டதை நீங்கள் பார்த்தீர்கள், அவ்வளவுதான். கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை.

கேரன்டர் (சூரிட்டி): நம்ம ஊர் பாஷையில் ஜாமீன் கையெழுத்து. பலரும் இதையும் சாட்சிக் கையெழுத்து என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128 என்ன சொல்கிறது தெரியுமா? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 'முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நீங்கள் கட்டிய பணத்தை கடன் வாங்கியவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அவரிடம் பணம் இருக்கணுமே!

ஹைப்பாதிகேஷன்: வண்டி உங்கள் கையில், அதன் மேல் உரிமைப் பிடி ஃபைனான்ஸ்காரர் கையில். இது ஆர்.சி-யிலேயே பதிவாகியிருக்கும். கடைசி டியூ கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பதிவை நீக்கணும். விட்டுவிட்டால், வண்டியை விற்கும்போது சிக்கல்.

தேர்ட் பார்ட்டி: முதல் ஆள் நீங்கள், இரண்டாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி, மூன்றாவது உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாள். இந்த பாலிசி மட்டும் இருந்தால், விபத்தில் நொறுங்கிய உங்கள் லாரிக்குப் பணம் வராது.

அடுத்த முறை சொந்தக்காரர் பேப்பரை நீட்டினால், முகம் கோணுமே என்று தயங்காதீர்கள். "இது சாட்சியா, ஜாமீனா மாப்ள?" இந்த ஒரு கேள்வி போதும்!