தகிட... தோம்! என்று ஓர் அடி

மக்களே, உதியன்குளங்கரையில் எங்கள் வீட்டு விளையில் ஒரு கிணறு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கொல்லாமரம், அந்தப் பக்கம் வாழைகள். பெரிய விடுமுறைக்கு மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த என் தங்கை மகள் அங்கே ஒரு கோல்ஃப் மைதானமே அமைத்துவிட்டாள். தென்னை மட்டையைச் செதுக்கி அடிக்கும் கோல். ஒரு ரப்பர் பந்து. இருபது எட்டு தள்ளி, கிணற்றடியில் சரித்து வைத்த பழைய அலுமினியப் பானைதான் இலக்கு.

பத்துப் பந்து அடித்தாள். ஏழு பந்து வலப்பக்கம் வாழைக்குள் போய் விழுந்தது.

"மாமா, நான் எவ்வளவு ஓங்கி அடிக்கேன்! பந்து ஏன் வாழைக்குள்ளயே போவுது?"

"ஓங்கி அடிக்கதுதான் மக்கா காரணம்" என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது படும் நொடியில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். முகம் 10 டிகிரி வலப்பக்கம் திரும்பியிருந்தால், 15 மீட்டர் தூரத்தில் பந்து இரண்டரை மீட்டருக்கு மேல் விலகிவிடும். எங்கள் வாழை நிற்பது சரியாக அங்கேதான்! உண்மையான கோல்ஃப் மைதானத்தில் தூரம் இன்னும் அதிகம். 200 மீட்டர் அடிக்கும்போது பந்து ஒரே ஒரு டிகிரி விலகிக் கிளம்பினாலே, போய் விழும் இடம் மூன்றரை மீட்டர் தள்ளிப்போகும். நம் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு துடிப்புக்கு 6 டிகிரி நகர்கிறது. அதில் ஆறில் ஒரு பங்குதான் ஒரு டிகிரி.

இன்னும் வியப்பான ஒன்று இருக்கிறது. கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கு மேல் போகாது, குறுக்களவு 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மட்டையும் அந்தப் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் மட்டை அந்த நேரத்துக்குள் இரண்டே சென்டிமீட்டர்தான் நகர முடியும். நம் மூளை ஒன்றைக் கண்டு, யோசித்து, கைக்குச் செய்தி அனுப்பக் கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகும். மேலேயிருந்து மட்டை இறங்கி வருவதற்கே அதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் நேரம் பிடிக்கிறது. 'அடடா, மட்டை திரும்பிவிட்டதே' என்று தோன்றும்போது பந்து போய்விட்டிருக்கும். நடுவழியில் திருத்த நேரமே இல்லை. அதனால்தான் ஆட்டக்காரர்கள் ஓங்கும் தாளத்தை உடம்பில் ஊறவைத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தாளம் என்ன? 2004-இல் வெளிவந்த 'டூர் டெம்போ' என்ற புத்தகத்தில் ஜான் நோவோசெல் என்ற அமெரிக்கர் அதை எண்ணிச் சொன்னார். வீடியோவில் ஒரு விநாடிக்கு 30 படங்கள் ஓடும் அல்லவா? பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்தி அவர் படங்களை எண்ணினார். ஒருவர் மட்டையைப் பின்னால் கொண்டுபோக 24 படம், இறக்கி அடிக்க 8 படம். வேறொருவருக்கு 27, 9. வேகமானவருக்கு 21, 7. வகுத்துப் பாருங்கள். எல்லாமே மூன்றுக்கு ஒன்று! ஆளுக்கு ஆள் வேகம் மாறுகிறது, விகிதம் மாறவில்லை. இந்த விகிதம் ஏன் வருகிறது என்று யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் குரோபர் 2006-இல் ஆராய்ந்தார். சுருள்வில்லில் தொங்கும் எடை தனக்கென்று ஒரு கதியில் ஆடுவதுபோல, நம் உடம்பும் கையும் மட்டையும் சேர்ந்து தமக்கென்று ஒரு கதி வைத்திருப்பதாக வைத்துக் கணக்கிட்டு அவர் விளக்கம் தந்தார்.

கோயில் உற்சவத்தில் செண்டை மேளம் கேட்கும் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம், பிறகு 48, 24, 12, கடைசியில் 6. வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆனால் அளவு பிசகாது. அடுத்த தடவை போகும்போது செண்டைக்காரரின் மணிக்கட்டை மட்டும் பாருங்கள். முழங்கை அதிகம் அசையாது, மணிக்கட்டு தளர்ந்து சுழலும். கோலை இறுக்கிப் பிடித்தால் அந்த வேகத்தில் கொட்டவே முடியாது.

மணிக்கட்டு தளர்ந்திருந்தால் வேகம் எப்படி வருகிறது? இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேல் எடுங்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டைகளை நூலால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். மேல் ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்து ஆட்டுங்கள். கீழ் ஸ்கேல் முதலில் பின்தங்கி வரும். மேல் ஸ்கேலைச் சட்டென்று மெதுவாக்கினால், கீழ் ஸ்கேல் விசிறிக்கொண்டு முந்திப் பாயும். மேல் ஸ்கேல்தான் நம் கை, கீழ் ஸ்கேல் மட்டை, நூல் கட்டிய இடம் மணிக்கட்டு. பிரிட்டனில் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968-இல் எழுதிய புத்தகத்தில் கோல்ஃப் அடியை இப்படித்தான், ஒன்றில் ஒன்று தொங்கும் இரட்டை ஊசலாக விளக்கினார்கள்.

அதற்கும் முன்னால், 1938-இல், அமெரிக்காவில் ஹாரல்ட் எட்ஜர்டன் என்ற பொறியாளர் ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரை இருட்டில் நிறுத்தி, படபடவென்று வெளிச்சத்தை மின்னவிட்டு, ஒரே படத்தில் அந்த அடி முழுவதையும் பதித்தார். விசிறி விரித்ததுபோல அழகான படம் அது! பந்தை நெருங்க நெருங்க மட்டைத் தலையின் பிம்பங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும். அதே நேரத்துக்குள் அதிகத் தூரம் போகிறது என்று அதற்குப் பொருள்.

இப்போது என் மருமகளிடம் திரும்பி வருவோம். பலம் முழுவதும் கொடுக்க வேண்டும் என்று அவள் கோலை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு ஸ்கேலும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாகிவிட்டது. அதோடு, அடிக்கும் நொடியில் இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மடங்கியது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது புறங்கையும் மட்டையின் முகமும் கூடப் பிறந்தவை மாதிரி. புறங்கை இலக்கைப் பார்த்தால் முகமும் இலக்கைப் பார்க்கும். மணிக்கட்டு பின்னால் மடங்கினால் முகம் வலப்பக்கம் திறக்கும், பந்து வாழைக்குள் போகும். உள்ளங்கைப் பக்கம் வளைந்தால் முகம் மூடிக்கொள்ளும், பந்து இடப்பக்கம் போகும்.

அவள் இடது கையில் வாட்ச் கட்டியிருந்தாள். வாரின் கீழே ஒரு ஸ்கேலைச் செருகி, பாதி புறங்கைமேலும் பாதி முன்னங்கைமேலும் படியும்படி வைத்தேன். மணிக்கட்டு பின்னால் மடங்கினால் ஸ்கேல் புறங்கையைக் குத்தும். இனி அவளுக்கு மாமா வேண்டாம், ஸ்கேலே சொல்லிவிடும். பிடி எப்படி? கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது.

தாளத்துக்கு நம் சொல்லே இருக்கிறது. 'த-கி-ட' என்று மூன்று எண்ணிக்கையில் பின்னால் கொண்டுபோக வேண்டும், நான்காவது எண்ணிக்கையில் 'தோம்' என்று இறங்கிப் பந்தைத் தொட வேண்டும். முதலில் பந்து இல்லாமலே இருபது தடவை. (பந்து அடிக்கும்போது முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. ரப்பர் பந்து மட்டும்தான், கல் வேண்டவே வேண்டாம்.)

2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கோல்ஃப் போட்டியில் பெங்களூருவின் அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு அடி. அவரோடு ஆடிய பலர் அவரைவிட வெகுதூரம் அடிப்பவர்கள். அவர் கையில் இருந்ததோ துல்லியம். அந்த நான்கு நாளும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் திருவனந்தபுரத்துக் கவடியாரிலேயே ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. ஆனால் தகிட தோம் பழகுவதற்கு அங்கே போக வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடியும் பத்துப் பந்து அடித்தாள். ஆறு தடவை பானை 'ணங்' என்றது. மூன்று வாழைக்குள் போயிற்று, ஒன்று கொல்லாமரத்தில் பட்டுத் திரும்பியது. ஸ்கேலைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"மாமா, எங்க கிளாஸ்ல ஒருத்தி இடக்கையாலதான் அடிப்பா. அவளுக்கு ஸ்கேலை எந்தக் கையில கெட்டணும்?"

நான் பதில் சொல்லவில்லை. ஸ்கேலை அவளிடமே கொடுத்து, நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்று ஒரு தகிட தோம் அடித்துப் பார்க்கச் சொன்னேன்.