யாரால்?

நியூ டவுனில் வளரும் நம் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தில் திணறும் இடம், செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவது. நான் தமிழ் வழியாகவே சொல்லித் தருகிறேன். 'அம்மா தோசையைச் சுட்டார்' என்பது 'தோசை அம்மாவால் சுடப்பட்டது' ஆகிறது. தோசையின் 'ஐ' போகிறது. அம்மாவோடு 'ஆல்', வினையோடு 'படு' சேர்கின்றன. ஆங்கிலத்தில் 'ஆல்' என்பதற்குப் 'பை'. 'படு' என்பதற்கு 'வாஸ்' போன்ற துணைவினையும் வினையின் மூன்றாம் வடிவமும்.

'பை' இல்லாமலும் வாக்கியம் நிற்கும், செய்தவர்தான் மறைந்துபோவார். 'ராஜர்ஹாட்டில் நிலம் எடுக்கப்பட்டது, நகரம் கட்டப்பட்டது' என்கிறோம். எடுத்தது அரசு, திட்டமிட்டது 1999-இல் தொடங்கப்பட்ட ஹிட்கோ, நிலத்தை இழந்தவர்கள் உழவர்கள், செங்கல் சுமந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். பெற்றோர்களே, வாக்கியத்தை மாற்றப் பழகும் பிள்ளைகளை 'யாரால்?' என்று கேட்கவும் பழக்குவோம்.