மேல்நிலைத் தொழிற்கல்வியில் வேலையளிப்போரின் கடப்பாடு

ஆய்வுச் சுருக்கம்

மாணவரின் வேலைத்தகுதியை வளர்க்கப் பள்ளியும் வேலையளிப்போரும் இணைந்து செயற்பட வேண்டும் என்பது கல்விக் கொள்கைகளில் நெடுங்காலமாக வலியுறுத்தப்படும் கருத்தாகும். அவ்விணைப்பில் வேலையளிப்பவர் மாணவருக்கு எவற்றிற்கெல்லாம் கடமைப்படுகிறார் என்னும் வினாவைத் தமிழ்நாட்டு மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் ஜெர்மனியின் இரட்டைமுறைப் பயிற்சியும் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொழிற்கல்வி, வேலைத்தகுதி, தொழிற்பழகுநர், பயிற்சி ஒப்பந்தம், செய்முறைத் தேர்வு.

முன்னுரை

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே பொதுப்பிரிவோடு தொழிற்கல்விப் பிரிவும் இடம்பெற்றது. பள்ளிக் கல்வியைத் தொழிலோடு இணைக்க வேண்டும் என்று கோத்தாரி கல்விக்குழு (1964–66) வலியுறுத்தியதன் தொடர்ச்சியாக இதனைக் கருதலாம். பின்னர் 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொணர வேண்டும் என இலக்கு வகுத்தது. 1992இல் கொள்கை திருத்தப்பட்டபோது இவ்விலக்குகள் முறையே 1995, 2000 ஆகிய ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. விழுக்காடு மாறவில்லை, ஆண்டு மட்டுமே மாறியது. இவ்விலக்குகள் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு வகுக்கப்பட்டனவேயன்றி, அவர்களை ஏற்றுப் பயிற்றுவிக்கும் தொழிற்கூடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

பாடநூலும் பட்டறையும்

2018–19 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் தொழிற்கல்விப் பிரிவினருக்கு 'வேலைவாய்ப்புத் திறன்கள்' என்னும் பாடம் அமைந்தது. 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டமும் இளைஞரின் திறன் வளர்ச்சியை நோக்கமாகக் கொண்டது. வேலைத்தகுதி என்பது தொழில்நுட்ப அறிவுக்கு அப்பாற்பட்ட சிலவற்றையும் உள்ளடக்கியது என்னும் தெளிவு இவற்றில் காணப்படுகிறது. ஆயின் அச்சிலவற்றுள் பெரும்பகுதி வகுப்பறையில் தோன்றுவதற்கே வாய்ப்பில்லாதது.

லேத் இயந்திரத்தில் ஓர் உருளையைக் கடையும் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பட்டறையில் மாணவர் ஓர் உருளையை உரிய அளவுக்குக் கடைந்து காட்டினால் மதிப்பெண் கிடைக்கிறது. அளவு தவறினால் மதிப்பெண் குறைகிறது. வேறு விளைவு ஏதுமில்லை. தொழிற்கூடத்திலோ அதே உருளை ஒரே அளவில், அனுமதிக்கப்பட்ட நுண்ணிய வேறுபாட்டிற்குள், நூறுமுறை வர வேண்டும். அடுத்த இயந்திரத்தில் நிற்பவர் அதற்காகக் காத்திருக்கிறார். பிழையான உருளையை மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் உடனே காட்டுவது அங்கு ஒரு தொழில் திறன். வெட்டுளி மழுங்குவதை ஓசையாலேயே உணர்வதும் அத்தகையதே. இவற்றை விளக்கலாம், ஆனால் விளக்கத்தால் மட்டும் பழக்கமாக்க இயலாது. வேலையளிப்போரின் பங்கேற்பு இன்றியமையாததாவது இவ்விடத்தில்தான்.

சட்டம் வரையறுக்கும் நிலை

தொழிற்பழகுநர் சட்டம் தொடக்கத்தில் தொழிற்பிரிவுப் பழகுநரை மட்டுமே கருத்திற் கொண்டிருந்தது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும், 1986இல் மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தோரும் அதன் வரம்பிற்குள் கொணரப்பட்டனர். எழுத்து வடிவிலான ஒப்பந்தம், அதன் பதிவு, உதவித்தொகை ஆகியவற்றை இச்சட்டம் கட்டாயமாக்குகிறது. பழகுநர் உரிய வயதை எட்டாதவராயின் காப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். எனினும் பழகுநர் 'பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர்' என 18ஆம் பிரிவு உரைக்கிறது. பயிற்சி முடித்தவருக்கு வேலை வழங்கும் கட்டாயமும் பொதுவாக வேலையளிப்பவருக்கு இல்லை.

இங்கு ஓர் இடைவெளி தோன்றுகிறது. 1986ஆம் ஆண்டின் திருத்தம் தொழிற்கல்வியை முடித்து வெளியேறியவருக்கே பயன்படுகிறது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பயிலும்போதே தொழிற்கூடத்திற்குச் செல்லும் மாணவர் பெரும்பாலும் 16, 17 வயதினர். பழகுநராவதற்குக் குறைந்தளவு வயது 14 எனினும், அபாயகரமான தொழில்களில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டுத் திருத்தம். இது தேவையான பாதுகாப்பே. ஆனால் பதிவுபெற்ற பழகுநராகவும் இல்லாமல், தொழிலாளராகவும் இல்லாமல் சில வாரப் பயிற்சிக்குச் செல்லும் மாணவருக்கு, பள்ளியும் தொழிற்கூடமும் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் தவிர வேறு பிடிமானம் இல்லை. அந்த ஒப்பந்தத்தில் மாணவர் பார்வையாளராக நிற்பாரா, இயந்திரத்தைத் தொடுவாரா, எவர் கற்பிப்பார் என்பன எழுதப்படாவிடின் எஞ்சுவது சான்றிதழ் மட்டுமே.

'பயிற்சி' என்னும் சொல்லின் மறுபக்கம்

இவ்வினா வெறும் நிர்வாகம் சார்ந்ததன்று என்பதற்குத் தமிழகத்தின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளே சான்று. 'சுமங்கலித் திட்டம்' என அறியப்பட்ட முறையில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் 'பயிற்சி பெறுவோர்' என்னும் பெயரில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். காலம் முடிந்ததும் திருமணச் செலவுக்கு உதவும் ஒரு மொத்தத் தொகை தரப்படும் என்பது வாக்குறுதி. இடையில் வெளியேறினால் அத்தொகையை இழக்க நேரிடும். சில மாதங்களில் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு பணிக்கு மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு என்னும் கேள்விக்கு அங்கு விடையில்லை. மாணவரைத் தொழிற்கூடத்திற்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் அச்சத்தை அறியாமை எனத் தள்ளிவிட இயலாமைக்கு இதுவே காரணம்.

ஜெர்மானிய ஒப்பந்தம்

ஜெர்மனியின் இரட்டைமுறைப் பயிற்சி பெரிதும் புகழப்படுவது. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் நிறுவனத்திலும் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் கற்பது என்பதே அதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். நாள்களின் பங்கீட்டைவிட, 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் வேலையளிப்பவர்மீது சுமத்தும் கடமைகளே கூர்ந்து நோக்கத்தக்கன. பயிற்சியின் நோக்கம், காலம், உதவித்தொகை ஆகியன ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். தொழிற்பள்ளிக்குச் செல்லும் நேரத்திற்காக உதவித்தொகையைக் குறைக்கக் கூடாது. தகுநிலைக் காலம் முடிந்தபின் தக்க காரணமின்றி நிறுவனம் பயிற்சியை முறிக்க இயலாது; மாணவரோ அத்தொழிலையே கைவிட விரும்பினால் நான்கு வார அறிவிப்போடு விலகலாம். இறுதித் தேர்வுக் குழுவில் வேலையளிப்போர் சார்பினரும் தொழிலாளர் சார்பினரும் சம எண்ணிக்கையில் அமர்வர். தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவரேனும் உடனிருப்பார். ஆகவே நிறுவனம் பயிற்றுவித்த திறனை அந்நிறுவனம் மட்டுமே மதிப்பிடுவதில்லை. சுமங்கலித் திட்டத்தில் விலகுவோர் இழந்தனர். இங்கு விலகும் உரிமை மாணவரிடம் உள்ளது.

இம்முறையை அவ்வாறே பெயர்த்து நடுதல் இயலாது. அங்குத் தேர்வை நடத்தும் தொழில் வணிகப் பேரவைகளில் நிறுவனங்கள் சட்டப்படி உறுப்பினராதல் வேண்டும். தமிழகத்தில் அதற்கு இணையான அமைப்பு இல்லை.

கோவையில் உள்ள வாய்ப்பு

தொழிற்கூடத்தையும் கல்வியையும் ஒரே வளாகத்தில் வைத்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. 1926இல் தோன்றிய பூ.சா.கோ. அறநிலையத்தின் தொழிற்கூடம் லேத், மோட்டார், பம்பு ஆகியவற்றை விற்பனைக்கு உற்பத்தி செய்தவாறே பயிற்சியும் அளித்தது. ஆனால் இது ஒரு பெரிய அறநிலையத்தால் இயன்றது. இன்று கோவை வட்டாரப் பட்டறைகளுள் மிகப்பல சிறியவை. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களுக்கே பழகுநரைச் சேர்த்தல் கட்டாயம் என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்த விதி. ஒரு சிறு பட்டறையில் மாணவர் கடைசல் கற்கலாம். அரைத்தலையோ அளவுச் சோதனையையோ அங்குக் கற்க இயலாமற் போகலாம்.

எனவே தனித்தனிப் பட்டறைகளோடு பள்ளி ஒப்பந்தம் செய்வதைவிட, 1969 முதல் இயங்கும் கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து, ஒரு மாணவர் பல பட்டறைகளில் முறைவைத்துப் பயில வழிசெய்தல் பொருத்தமாகும். மாணவர் எந்தெந்தப் பணிகளைத் தாமே செய்தார் என்பதற்கான நாட்குறிப்பு, பயிற்றுநரின் பெயர், விபத்துக் காப்பீடு, விலகும் உரிமை ஆகியன அதில் எழுதப்படல் வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு இப்போது புறத்தேர்வாளராக வருபவர் பெரும்பாலும் பிறிதொரு பள்ளியின் ஆசிரியரே. அவரருகில் மாணவர் பயிலாத பட்டறையொன்றின் மேற்பார்வையாளர் ஒருவரும் அமரலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தேர்வு நாளில் அம்மேற்பார்வையாளர் இழக்கும் ஒருநாள் ஊதியத்தைச் சங்கம் ஏற்குமா, தேர்வுத் துறை ஏற்குமா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல்.