அசைபோடும் வயிற்றுக்குள் ஒரு தேடல்

வைக்கோலை உண்டு மனிதன் பசியாற முடியாது. அதில் சர்க்கரை இல்லை என்பதன்று காரணம். அரிசியிலுள்ள மாவுச்சத்தைப் போலவே வைக்கோலிலுள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலிதான். கோத்திருக்கும் முறை மட்டுமே வேறு. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதி நம் உடலில் சுரப்பதில்லை. பசுவின் உடலிலும் அது சுரப்பதில்லை என்பதே வியப்பு. தன் இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகளைக் கொண்டே பசு அவ்வேலையை முடித்துக்கொள்கிறது.

ரூமன் எனப்படும் அவ்வறை இருள் நிறைந்தது, ஆக்சிஜன் அற்றது, ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பம் உடையது. அங்குள்ள நீர்மத்தின் ஒரு மில்லிலிட்டரில் பாக்டீரியா மட்டுமே ஆயிரம் கோடி அளவுக்கு இருக்கும். பூஞ்சைகளும் உண்டு. ஆக்சிஜனின்றிப் பூஞ்சை வாழாது என்று அறிஞர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தமையால், நீந்தித் திரிந்த அவற்றின் வித்துகளை வேறோர் உயிரினம் என மயங்கினர். 1975இல் இங்கிலாந்தில் காலின் ஆர்ப்பின், செம்மறியாட்டின் ரூமனில் இருந்தவை பூஞ்சைகளே எனக் காட்டினார்.

வைக்கோல், சோளத்தட்டை போன்ற கழிவுகளிலிருந்து எத்தனால் எரிபொருள் எடுப்பதற்கு இத்தகைய நொதிகள் தேவை. உணவுத் தானியத்தைத் தொடாமல் எரிபொருள் பெறும் வழி அது. ஆனால், நொதியின் விலை அதற்குத் தடையாக நிற்கிறது. ஆகவே திறன்மிக்க நொதிகளைத் தேடி ஆய்வாளர்கள் ரூமனை நாடினர். அங்கே ஓர் இடர்ப்பாடு இருந்தது. ராபர்ட் ஹங்கேட் என்னும் அமெரிக்க அறிஞர் ஆக்சிஜன் புகாத குழாய்களில் ரூமன் பாக்டீரியாவை வளர்க்கும் முறையை வகுத்திருந்தபோதிலும், அவ்வுயிரிகளுள் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளர மறுத்தன.

வளர்க்க இயலாதவற்றின் மரபணுக்களையாவது படிக்கலாம் அல்லவா? அமெரிக்க ஆய்வாளர்கள் அவ்வழியை மேற்கொண்டனர். பசுவின் விலாப்புறத்தில் அறுவை மூலம் அமைத்த, மூடியிட்ட துளை வழியாக, சுவிட்ச்கிராஸ் என்னும் புல் நிரப்பிய நைலான் பைகளை ரூமனுக்குள் இட்டு, 72 மணிநேரம் விட்டுவைத்தனர். புல்லோடு ஒட்டிக்கொண்டவையே புல்லைச் சிதைப்பவை என்பது அவர்களின் கணிப்பு. எளிய உத்திதான், ஆனால் தேடவேண்டிய கூட்டத்தை அது வெகுவாகச் சுருக்கிவிட்டது. ஒட்டிய நுண்ணுயிரிகளின் டி.என்.ஏ.வில் 26,800 கோடி எழுத்துகளைப் படித்து, மாவுப்பொருள்களைச் சிதைக்கக்கூடியவை எனத் தோன்றிய 27,755 மரபணுக்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் 90 மரபணுக்களுக்குரிய புரதங்களை உருவாக்கிச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டவை நொதிகளாகச் செயற்பட்டன. 2011இல் இம்முடிவுகள் வெளியாயின.

எனினும் மரபணு கிடைத்துவிட்டால் ஆலைக்குரிய நொதி கிடைத்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. உடல்வெப்பத்தில் இயங்கிப் பழகிய நொதி, ஆலைக்கலத்தின் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் தாங்கவேண்டும். மேலும், ரூமனில் எந்த நொதியும் தனித்து உழைப்பதில்லை. பூஞ்சை தன் வேர்போன்ற இழைகளை வைக்கோலுக்குள் செலுத்திப் பிளக்கிறது. பல நொதிகள் ஒரே கட்டமைப்பாகப் பிணைந்து நின்று, ஒன்று அறுத்ததை மற்றொன்று மேலும் துண்டாக்குகிறது. அக்கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த ஒற்றை நொதியிடம் அதே வேகத்தை எதிர்பார்க்க இயலாது. எனவே, எந்தெந்த நொதிகளை எந்த அளவில் சேர்த்தால் ரூமனின் வேகம் ஆலையிலும் கிட்டும் என்னும் கேள்வியோடு ஆய்வு தொடர்கிறது.