கொலோனோஸ்கோப்பியில் பாலிப்புகளைத் தவறவிடாமல் கண்டறிதல்: புதிய தொழில்நுட்பமும் உங்கள் பங்கும்

பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு சதை வளர்ச்சியைப் பாலிப் என்கிறோம். பெரும்பாலான பாலிப்புகள் தீங்கற்றவை. எனினும் அடினோமா என்னும் வகை, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். தொடக்கத்தில் பொதுவாக எந்த அறிகுறியும் இராது. ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய நெகிழ்குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி பரிசோதனையின்போது, பெரும்பாலான பாலிப்புகளைக் கண்டவுடனேயே அகற்றிவிடலாம். ஆனால் கண்ணில் படாததை அகற்ற இயலாது.

பாலிப்புகள் ஏன் தவறவிடப்படுகின்றன?

ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இருமுறை பரிசோதனை செய்து பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ நான்கில் ஓர் அடினோமா முதல்முறை தவறவிடப்பட்டது தெரியவந்தது. அவற்றுள் பெரும்பாலானவை மிகச் சிறியவை. குடலின் மடிப்புகளுக்குப் பின்னால் மறைந்திருப்பவை, தட்டையானவை, சுவரின் நிறத்தையே கொண்டவை ஆகியன எளிதில் தப்பிவிடும். எஞ்சிய மலமும் அவற்றை மறைத்துவிடும்.

புதிய தொழில்நுட்பங்கள் எவ்வாறு உதவுகின்றன?

• உயர்தெளிவுக் கேமராவும் குறிப்பிட்ட நீல, பச்சை நிற ஒளியும் இரத்த நாளங்களின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுகின்றன.
• குழாயின் முனையில் பொருத்தப்படும் மென்மையான உறை, குடல் மடிப்புகளை விரித்துப் பார்க்க உதவுகிறது.
• செயற்கை நுண்ணறிவு மென்பொருள், பரிசோதனை நடக்கும்போதே காணொளியை ஆராய்ந்து, ஐயத்திற்குரிய இடத்தைத் திரையில் கட்டமிட்டுக் காட்டுகிறது. இத்தகைய முதல் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 ஏப்ரலில் அனுமதி வழங்கியது. 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், தவறவிடப்பட்ட அடினோமாக்களின் அளவு சுமார் 32 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது.

இதன் வரம்புகள் யாவை?

கேமராவுக்குத் தெரியாததை மென்பொருளாலும் காண இயலாது. சில நேரங்களில் நீர்க்குமிழியையும் மலத்துணுக்கையும் பாலிப் எனக் காட்டுவதுண்டு. எனவே முடிவெடுப்பவர் மருத்துவரே. இவ்வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தூய்மையான குடலை மருத்துவர் பொறுமையுடன் பார்வையிடும் பரிசோதனை, இவ்வசதி இல்லாமலும் மிகுந்த பயன் தரும்.

உங்கள் பங்கு

எந்தக் கருவியாயினும் அதன் பயன் உங்கள் குடலின் தூய்மையைச் சார்ந்தது.

• மருத்துவர் கூறும் நாளிலிருந்து கீரை, கொய்யா, தக்காளி போன்ற நார் அல்லது விதை மிகுந்த உணவுகளைத் தவிர்க்கவும்.
• தெளிந்த நீராகாரம் மட்டும் அருந்தும் காலத்தில் பீட்ரூட், மாதுளைச் சாறு போன்ற சிவப்பு நிறப் பானங்கள் வேண்டாம். அவை இரத்தம் போலத் தோன்றும்.
• பேதி மருந்து பெரும்பாலும் முந்தைய நாள் மாலையும் பரிசோதனை நாள் காலையும் என இரு பகுதிகளாகத் தரப்படும். முதற் பகுதியிலேயே வயிறு சுத்தமாகிவிட்டதாக எண்ணி இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். மலம் தெளிந்த மஞ்சள் நிற நீராக வெளியேறுவதே சரியான நிலை.
• இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நீரிழிவு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை உட்கொண்டாலோ, சிறுநீரக அல்லது இதய நோய் இருந்தாலோ முன்கூட்டியே தெரிவிக்கவும். மருந்துகளைத் தாமாக நிறுத்த வேண்டாம்.
• மயக்க மருந்து தரப்படுமாயின் துணைக்கு ஒருவர் உடன்வர வேண்டும். அன்று வாகனம் ஓட்டக்கூடாது.

பரிசோதனைக்குப் பின்

குடல் போதுமான அளவு தூய்மையாக இருந்ததா, பாலிப் அகற்றப்பட்டிருந்தால் திசு ஆய்வின் முடிவு என்ன, அடுத்த பரிசோதனை எப்போது என்னும் மூன்று வினாக்களை மருத்துவரிடம் கேட்டு, விடைகளைக் குறித்து வையுங்கள். கடும் வயிற்று வலி, மிகுதியான இரத்தப்போக்கு, காய்ச்சல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

மலத்தில் இரத்தம், மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமறியா இரத்தசோகை ஆகியவை இருந்தாலோ, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தாலோ, கூச்சத்தை விடுத்து மருத்துவரை அணுகுங்கள்.